பௌர்ணமியன்று கடலுக்குப் போங்கள்!

திருவண்ணாமலையில் எல்லாம் இருக்கிறது, கடலைத் தவிர. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கார்த்திகையிலிருந்து மாசி வரை அறை எடுத்துத் தங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கிரிவலம் முடிந்திருக்கும். கந்தாசிரமம் ஏறி இறங்கியிருப்பார்கள். பெரிய கோயில் வரிசையில் நின்று அண்ணாமலையாரையும் பார்த்திருப்பார்கள். நாலைந்து நாள் ஆனதும் ஒரு கேள்வி வந்துவிடும்: இங்கிருந்து பீச் எவ்வளவு தூரம்?

கெஸ்ட் ஹவுஸ்காரர்களிடம் பதில் தயாராக இருக்கும். பாண்டி, மூணு மணி நேரம், கார் சொல்லட்டுமா? சுமார் 105 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, உச்சி வெயிலில் பீச் ரோட்டில் நின்று, ஆரோவில்லில் மாத்ரிமந்திரை எட்ட இருந்து படம் எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். இதைவிட அன்றைக்கு மொட்டை மாடியில் படுத்துக்கிடக்கலாம். கடலோரத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது பயணமே இல்லை, வெறும் போக்குவரத்து.

இந்தக் கட்டுரையின் யோசனை வேறு. விடுமுறையை இரண்டாகப் பிரியுங்கள். பாதியை மலையடியில் வையுங்கள், பாதியைக் கடலோரத்தில் வையுங்கள். எந்தப் பாதி எப்போது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையிலிருந்து கிளம்பிவிடுங்கள். பக்தர்கள் கோபிக்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

ஆசிரமத்து எதிர்ச்சாரி

முதலில் மலையடி. இன்று செங்கம் சாலையின் இருபுறமும் கெஸ்ட் ஹவுஸ், ஹோம் ஸ்டே, லாட்ஜ் என்று போர்டுகள் நெருக்கியடிக்கின்றன. இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1922 மே மாதம் ரமணரின் தாய் அழகம்மாள் காலமானார். மலையின் தென்புறம் அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கந்தாசிரமத்தில் இருந்த ரமணர் அந்தச் சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்து, ஒருநாள் அங்கேயே இருந்துவிட்டார். அதைச் சுற்றி எழுந்ததுதான் ஆசிரமம். ரமணர் காலத்தில் பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்க அனுமதி இல்லை. அதனால் குடும்பத்தோடு வந்தவர்களும் தனியாக வந்த பெண்களும் எதிரே வீடு கட்டினார்கள் அல்லது வாடகைக்கு எடுத்தார்கள். அப்படி வளர்ந்த குடியிருப்புதான் ரமணா நகர். ஆசிரமத்திலிருந்து தெலுங்கில் கடிதங்களாக எழுதிக் குவித்த சூரி நாகம்மா இங்கே குடியிருந்தவர்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் வரவும் அப்போதே தொடங்கிவிட்டது. பால் பிரண்டன் முதலில் வந்தது 1931-ல். 1934-ல் ரமணரைப் பற்றியும் பேசும் அவர் புத்தகம் வெளிவந்ததும் மேற்கே இந்த ஊரின் பெயர் பரவியது. அடுத்த ஆண்டு வந்த மேஜர் சாட்விக் ஆசிரமத்துக்குள்ளேயே தனக்கென ஓர் அறை கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். இவர்களெல்லாம் வரவர, அறை, பால், சாப்பாடு, வண்டி என்று ஒரு சிறு பொருளாதாரமே இங்கே உருவாகிவிட்டது. இப்போது அதற்குச் 'சீசன்' என்று பெயர். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரம் பதிய வேண்டும் என்ற சட்டம் வரைக்கும் இங்குள்ள கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு அத்துப்படி.

ஆசிரமத்தின் சொந்த அறைகளுக்கு வாடகை கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இடமிருந்தால் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் மோர்வி வளாகத்திலும் அறைகள் உண்டு. கிடைக்காவிட்டால் வெளியே எடுக்க வேண்டியதுதான். வெளியே எடுக்கும்போது ஏ.சி. இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், மாடிக்குப் போக விடுவார்களா என்று கேளுங்கள். ரமணா நகரில் அறையின் மதிப்பே மொட்டை மாடியில்தான் இருக்கிறது. அங்கிருந்து மலை முழுசாகத் தெரிந்தால் வாடகை கூடும். தெரியாவிட்டால் அது எந்த ஊர் அறையாகவும் இருக்கலாம்.

காலையில் ஆசிரமத்தின் பின்வாசல் வழியாகக் கந்தாசிரமத்துக்குப் போகும் கல்பாதையில் ஏறுங்கள். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் பெரிய கோயிலும் 217 அடி ராஜகோபுரமும் கீழே விரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆசிரம வாசலில் சாதுக்களுக்கு அன்னம் இடுவதைப் பார்க்கலாம். மாலையில் வேத பாராயணம், அதன்பின் தமிழ்ப் பாராயணம். ஆசிரமத்தில் வளர்ந்த பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்தில் மயில்கள் மேயும். ஆட்டோக்காரர்கள் உங்களை 'சாமி' என்று கூப்பிடுவார்கள். வாடகை பேசும்போது மட்டும் அந்தச் சாமியிடம் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தையே இங்கே இழுத்த மனிதர் தானாக எங்கும் போகவில்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயதுப் பையனாக வந்து இறங்கியவர், 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை திருவண்ணாமலையை விட்டு நகரவே இல்லை. நமக்கு அந்த நிலை வாய்க்காது. அடுத்த ஊரைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஆகவே கிளம்புவோம்.

பௌர்ணமிக் கணக்கு

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதர்களால் நிரம்பிவிடும். சித்ரா பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் வருவார்கள். பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ரமணா நகர் அறை வாடகை அன்றைக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கிரிவலம் சுற்றுவதற்காகவே வருகிறவர்களுக்கு அது திருநாள். ஒரு வாரமாக அங்கேயே தங்கியிருப்பவர்களுக்குக் கிரிவலம் எந்த நாளும் கிடைக்கும். சாதாரண ஒரு புதன்கிழமை விடியற்காலையில் சுற்றிப் பாருங்கள், எட்டு லிங்கங்களும் உங்களுக்கு மட்டும் என்பதுபோல் இருக்கும்.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. முழுநிலா சூரியன் மறைகிற நேரத்தில் எழும். பௌர்ணமி மாலை புதுச்சேரியிலோ மரக்காணத்திலோ நின்றால் நிலா நேராகக் கடலிலிருந்து ஏறுவதைப் பார்க்கலாம். கன்னியாகுமரிக்குச் சித்திரையில் இதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் போகிறது. இங்கே மாதாமாதம் நடப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஊரே மலைக்கு வரும் நாளில் நீங்கள் எதிர்த்திசையில் போனால், உங்கள் அறையை இன்னொரு பக்தருக்கு விட்டுக்கொடுத்த புண்ணியமும் சேரும்.

வழியில் செஞ்சி

கிழக்கே போகும் சாலை கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வரைக்குமான தேசிய நெடுஞ்சாலை 77. சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சி. பஸ்ஸில் போகிறவர்கள்கூட இங்கே இறங்கி அடுத்த பஸ் பிடிக்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது மொகலாயப் படை 1690-லிருந்து முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. 2025 ஜூலையில் மராத்தியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி.

ராஜகிரி உச்சிக்கு ஏற வேண்டுமானால் காலை 9 மணிக்கு முன் அடிவாரத்தில் இருங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், குரங்குகளிடம் பையைக் காட்டாதீர்கள். நேரமில்லாதவர்கள் கீழே இருக்கும் வேங்கடரமணர் கோயிலையாவது பார்த்துவிட வேண்டும். அங்கே சில இடங்களில் தூண்கள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும். 1750-லிருந்து 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. செஞ்சியின் சிற்பத் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் 8 கருங்கல் தூண்களும் செஞ்சித் தூண்கள்தான். பீச்சில் அவற்றில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? செஞ்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தூண்கள் தெரிந்த முகமாக இருக்கும்.

கல் போன வழியிலேயே தண்ணீரும் போகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையில் கொஞ்சம் நின்று, வில்லியனூரைத் தொட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. வராக நதி, செஞ்சியாறு என்றும் பெயர்கள். கடலில் எழுந்த மேகம் மழையாகிவிட்டால் மறுபடி கடலைச் சேரும் வரை நிற்காது என்ற உவமையை ரமணர் அருணாசல அஷ்டகத்தில் எடுத்தாண்டிருக்கிறார். அந்த ஓட்டத்தை நிலத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஆறு இருக்கிறது.

திண்டிவனத்தில் ஒரு டிக்கெட்

திண்டிவனம் என்றால் பெரும்பாலானோருக்கு டீ குடிக்க நிற்கும் ஊர். ரமணர் கதையில் அதற்கு ஒரு சின்ன இடம் உண்டு. மதுரையிலிருந்து கிளம்பிய வேங்கடராமன் (அன்றைக்கு ரமணரின் பெயர் அதுதான்) பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம்தான் என்று நினைத்தார். 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாக ரயில் பாதை வந்துவிட்டதை உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். விழுப்புரத்தில் இறங்கினார். அந்த டிக்கெட்டின் மிச்சத் தூரத்தை அவர் போகவே இல்லை.

இந்த ஊருக்கு இன்னும் பழைய விலாசம் ஒன்று உண்டு. ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் கோட்டை இங்கேதான் இருந்தது. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஒரு முழுப் பயண வழிகாட்டி. பரிசில் பெற்று வரும் பாணன், இனிமேல் போகப்போகும் பாணனுக்கு வழி சொல்கிறான். கடலோரத்து எயிற்பட்டினத்தில் தொடங்கி வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில் வரை. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுவரை சொல்லியிருப்பது இதன் அழகு. எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட உலர்மீனும் கொடுப்பார்கள். அலைகள் கரையில் ஒதுக்கிய வாசனைக் கட்டைகளைத்தான் அங்கே விறகாக எரிக்கிறார்கள். அவை படுத்துத் தூங்கும் ஒட்டகங்கள் மாதிரி கிடக்குமாம். ஆமூரில் சோறும் நண்டுக் குழம்பும். இன்றைய ஹோட்டல் ரிவியூ எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள இதில் விஷயம் இருக்கிறது.

இதே சாலையின் மறுகோடியில், திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம். அங்கே ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்வது 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம். ஒரு சாலை, இரண்டு முனைகள், இரண்டிலும் சங்ககாலத்துச் சுற்றுலாக் கையேடு! பத்துப்பாட்டில் உள்ள பத்தில் இரண்டு இந்த ஒரு வழிக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் இவ்வழிச் சாலைப் பலகைகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சுற்றுலாத் துறைக்கு இது செலவில்லாத யோசனை.

உப்பும் பறவையும்

திண்டிவனத்தில் பாதை பிரிகிறது. எல்லோரும் வலப்புறம் புதுச்சேரிக்குத் திரும்புவார்கள். நீங்கள் நேரே கிழக்கே மரக்காணம் போங்கள். அறிஞர்கள் எயிற்பட்டினம் என்று அடையாளம் காட்டுவது இந்த ஊரைத்தான். இப்போது மரக்காணம் என்றாலே உப்பு. மழைக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும் பாத்திகளைத் தையில் சீர்செய்து, மாசி பங்குனியில் உப்பு வாரத் தொடங்குவார்கள். விடியற்காலையிலேயே வேலை நடக்கும், வெயில் ஏறினால் கண் கூசி நிற்க முடியாது. படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வரப்பில் செருப்புக் காலோடு நடக்காதீர்கள், அது அவர்கள் சோறு.

ஊருக்குத் தெற்கே கழுவெளி. தமிழகக் கடலோரத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. மழைநீரும் கடல்நீரும் கலந்து கிடக்கும் ஆழமற்ற பரப்பு. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதுவரை எவ்வளவோ வேட்டை நடந்த இடம். மழைக்குப் பின் வலசைப் பறவைகள் வந்து இறங்கும், பூநாரைகளும் உண்டு. மாசிக் கடைசி வரை பார்க்கலாம், பிறகு நீர் வற்றிவிடும். பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். டிக்கெட் கவுன்ட்டர், கேன்டீன் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இல்லாமல் இருப்பது நல்லதென்றே எனக்குத் தோன்றுகிறது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்சம் போனால் கடப்பாக்கம். இந்தப் பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படையை எழுதிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் என்பது அவர் பெயரோடு ஒட்டியே வருகிறது. சங்கப் புலவர் ஒருவரின் நாட்டுப் பெயர் இன்றும் பேரூராட்சி அலுவலகப் பலகையில் நிற்பது தமிழ்நாட்டிலேயே அதிகம் கிடையாது.

இங்கே கழிமுகத்தை ஒட்டிச் சிதைந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. துறைமுகமும் நாணயச்சாலையும் இருந்தன. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேவுக்குக் கைமாறியது, 1760-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். 2004 சுனாமி மிச்சத்தையும் உலுக்கியது. செங்கல் மதில், நடுவே மணல், அப்பால் படகுகள். படகுக்காரர்களிடம் பேசினால் கழிமுகத்தைக் கடந்து மணல்திட்டுக்குக் கூட்டிப்போவார்கள். இந்த முழுக் கடலோரத்தில் ஒரே ஓர் இரவுதான் தங்க முடியும் என்றால் நான் கடப்பாக்கம் பக்கத்தையே சொல்வேன். அறைகள் குறைவு, வசதி சுமார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். ரமணா நகரிலிருந்து வருகிறவர்களுக்கு இது குறையாகப் படாது.

பாண்டியில் எங்கே தங்குவது?

புதுச்சேரியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, ஆகவே சுருக்கமாக. பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. இந்த ஒன்றரைக் கிலோமீட்டரின் சுகமே அந்தத் தடையில் இருக்கிறது. ஆசிரம வாழ்க்கைக்குப் பழகியவர்களுக்கு அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் பார்க் கெஸ்ட் ஹவுஸ் பொருந்தும். சாலையின் தென்கோடியில், அறைக்கு முன்னாலேயே கடல். மது, சிகரெட் கூடாது, ராத்திரி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதே ஆசிரமத்தின் ஸீ சைடு கெஸ்ட் ஹவுஸும் அதே சாலையில்தான். இரண்டிலும் இடம் கிடைப்பது ரமணாசிரமத்தில் இடம் கிடைப்பதைப் போல, முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும்.

இரு ஆசிரமங்களுக்கும் நடுவே ஆட்கள் போய்வருவது புதிதல்ல. 1907-ல் 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்ற பெயரைச் சூட்டிய காவ்யகண்ட கணபதி முனி 1928-ல் புதுச்சேரி சென்று அங்குள்ள ஆசிரமத்தின் அன்னையைச் சந்தித்தார். அவருடைய சீடர் கபாலி சாஸ்திரி அடுத்த ஆண்டே அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார். இன்று ஆரோவில்லில் ஒரு மாதம், திருவண்ணாமலையில் ஒரு மாதம் என்று மாறி மாறி இருக்கும் வெளிநாட்டவர்கள் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறார்கள்.

காலாற மணலில் நடக்க விரும்புகிறவர்கள் ஊருக்கு வடக்கே தந்திராயன்குப்பம், பெரிய முதலியார்சாவடி பக்கம் அறை பாருங்கள். செரினிட்டி பீச் என்று போர்டு இருக்கும். அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள். இது தமிழ்நாட்டு எல்லை, இரண்டு தெரு தள்ளினால் புதுச்சேரி. தென்புறம் போகிறவர்களுக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற ஈடன் பீச் சின்ன வீராம்பட்டினத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மதுச்சாடிகளையும் மண்பாண்டங்களையும் வெளியே எடுத்து, தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு போட்டுக் கொடுத்த மேடு. கிரேக்க மாலுமியின் கையேடான பெரிப்ளஸ் சொல்லும் பொதுகே இதுதான் என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு மாந்தோப்பும் பிரெஞ்சுக் காலத்து இடிந்த சுவரும்தான் தெரியும். சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. செஞ்சியில் பார்த்தீர்களே, அந்தத் தண்ணீர்.

மணலைத் தேடி

புதுச்சேரி பீச் ரோட்டில் ஏன் மணலுக்குப் பதில் கருங்கல்? இதைக் கேட்காத குழந்தை இல்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த மணல் போனது, அதன் இடத்துக்கு மணல் வரவில்லை. முதலில் நகரக் கடற்கரை தேய்ந்தது, பிறகு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதன் பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் வீடுகளை அலை எட்டியது. ஒரு கிராமத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த கிராமத்துக்கு நகர்ந்தது. 2018-ஐ ஒட்டித் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பை அமைத்த பிறகு நகரக் கரையில் ஓரளவு மணல் திரும்பியது. இப்போது பீச் ரோட்டில் குழந்தைகள் விளையாடும் மணல் அதுதான். கல்தடுப்புகளுக்கு நடுவே நீரோட்டம் இழுக்கும், அங்கே குளிக்க இறங்கவே கூடாது. அலை அமைதியாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள், மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கடலுக்கும் மலைக்கும் தொடர்பில்லை என்று நினைத்தவர்களுக்கு 2024 வேறு பாடம் சொன்னது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. மறுநாள் அந்த மழை உள்ளே நகர்ந்து திருவண்ணாமலையில் கொட்டியது. டிசம்பர் 1 மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் அறை எடுக்கிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். மலைச்சரிவை ஒட்டிய புதிய கட்டடங்களில் தங்கவும் வேண்டாம்.

எப்போது போகலாம்?

மாசிதான் சரியான மாதம். மழை ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும். உப்பளத்தில் வேலை தொடங்கியிருக்கும், கழுவெளியில் பறவைகள் மிச்சமிருக்கும். ரமணா நகரின் சீசன் கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும், மலைப்பாறை இன்னும் கொதிக்க ஆரம்பித்திருக்காது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, நல்ல வஞ்சிரம் தட்டில் வேண்டுமானால் அதற்கு முன்னால் போய்விட வேண்டும். ஆசிரமப் பக்கத்தில் ஒரு வாரம் சாத்விகமாக இருந்தவர்கள் கடப்பாக்கத்தில் மீன் குழம்பைக் கண்டதும் என்ன ஆகிறார்கள் என்பதை எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொரு காரணம், மாசி மகம். அன்றைக்கோ அதை ஒட்டியோ பௌர்ணமியும் வரும். புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். மயிலம் முருகன் வருவார், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் வருவார், செஞ்சி ரங்கநாதர் வருவார், திண்டிவனம் நல்லியக்கோடன் நகரிலிருந்து பெருமாள் வருவார். நீங்கள் இரண்டு மூன்று நாளாகக் கடந்து வந்த ஊர்களின் தெய்வங்கள் ஒரே கரையில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். மலையிலிருந்து கடலுக்குப் போவதற்குச் சாமிகளே முன்னுதாரணம் என்றால் நமக்கென்ன தயக்கம்?

அண்ணாமலையார் மட்டும் கடலுக்கு வருவதில்லை. அவருக்கு அன்று வேறு கடமை இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அதையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஓர் ஆண்டு ஆற்றங்கரை, மறு ஆண்டு கடற்கரை என்று முறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் புதுச்சேரியில் அறை கிடைப்பது கடினம். தை பிறந்ததும் சொல்லிவைத்துவிடுங்கள். திருவண்ணாமலை அறையைப் பௌர்ணமிக்கு முந்தைய நாளே காலி செய்வதாகச் சொன்னால், ரமணா நகரில் உங்களுக்கு வாடகையில் சலுகைகூடக் கிடைக்கும்.